எரிமலைக்குத் தீனி எங்கிருந்து வருகிறது? மேன்டில் முதல் கிலாவேயா வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹவாய்த் தீவில் இருக்கும் கிலாவேயா எரிமலை 2024 டிசம்பர் 23 அன்று மறுபடி பொங்கத் தொடங்கியது. சில மணி நேரம் நெருப்பு ஊற்றாகப் பீறிடும், பிறகு நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் சும்மா இருக்கும், மீண்டும் பீறிடும். அமெரிக்க புவியியல் ஆய்வு நிறுவனத்தின் கேமராக்கள் இதை நேரலையில் காட்டுகின்றன. இரவில் அதைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் கேள்வி கேட்பவர்கள் நிறையப் பேர். கேள்விகள் பலவாக இருந்தாலும் எல்லாம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: இவ்வளவு குழம்பும் எங்கிருந்து வருகிறது? அதற்குத்தான் இந்தப் பக்கம். மிக நெருக்கமாகக் கண்காணிக்கப்படும் எரிமலைகளில் கிலாவேயாவும் ஒன்று என்பதால் பெரும்பாலும் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

பூமிக்கு அடியில் நெருப்புக் கடல் இருக்கிறது, மேலோட்டில் ஓட்டை விழும் இடத்தில் அது வெளியே வருகிறது. சரிதானே?

சரியில்லை. பள்ளியில் வரைந்த படம்தான் இதற்குக் காரணம். மெல்லிய மேலோடு, அதற்குக் கீழே சிவப்பு மையால் தீட்டிய மேன்டில். பாடப்புத்தகத்தில் 'கவசம்' என்று படித்திருப்பீர்களே, அதுதான் மேன்டில். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் திரவம் என்று மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் மேன்டில் கல். கடலடியில் மேலோட்டின் தடிமன் சுமார் 7 கிலோமீட்டர், கண்டங்களின் கீழ் 35 கிலோமீட்டர் அளவில். அதற்குக் கீழே தொடங்கி 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை திடமான பாறைதான்.

இதை எப்படி அடித்துச் சொல்ல முடிகிறது? நிலநடுக்கம் வரும்போது கிளம்பும் அலைகளில் ஒரு வகை, பக்கவாட்டில் அசைத்துக்கொண்டே போகும். அந்த அலை திரவத்துக்குள் போகவே போகாது. அது மேன்டிலைத் தாராளமாகக் கடந்து வருகிறது. 2,900 கிலோமீட்டருக்குக் கீழே உள்ள உருகிய இரும்பை எட்டியதும் நின்றுவிடுகிறது. பூமிக்குள் திரவக் கடல் என்று ஒன்று உண்டென்றால் அந்த இரும்புதான். எரிமலைக்கும் அந்த இரும்புக்கும் நேரடி வழி எதுவும் கிடையாது.

கல் என்கிறீர்கள். ஆனால் மேன்டில் 'ஓடுகிறது' என்றும் சொல்கிறார்களே?

இரண்டும் உண்மை. சாலை போடும் இடத்தில் சாய்ந்து கிடக்கும் தார் பீப்பாயைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் தாரைச் சுத்தியலால் தட்டினால் சில்லு சில்லாகத் தெறிக்கும். அதையே வெயிலில் விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வாய் வழியே நாக்குப்போல வழிந்திருக்கும். உதாரணம் முழுக்கப் பொருந்தாது: தார் கெட்டியான திரவம், மேன்டிலோ படிகங்களால் ஆன பாறை. ஆனால் ஒரே பொருள் வேகமாகத் தாக்கினால் உடையும், நிதானமாக அழுத்தினால் நகரும் என்பதைக் கண்முன் காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. மேன்டில் பாறை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற கணக்கில் நகர்கிறது. சூடான பகுதி மேலே வருகிறது, குளிர்ந்த பகுதி கீழே போகிறது.

அப்படியானால் மாக்மா, அதாவது உருகிய பாறைக் குழம்பு, எப்படித்தான் உருவாகிறது? யார் அடுப்பு மூட்டுவது?

யாரும் மூட்டுவதில்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பிரஷர் குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி வரை சூடாகியும் பெரும்பகுதி தண்ணீராகவே இருக்கிறது. அழுத்தம் அதை ஆவியாக விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அவசரத்தில் விசிலைத் தூக்கிவிட்டால் என்ன ஆகும்? அடுப்பை அணைத்த பிறகும் உள்ளே குபுகுபுவென்று கொதித்து, பருப்புத் தண்ணீர் கூரை வரை பீய்ச்சும். புதிதாகச் சூடு எதையும் சேர்க்கவில்லை. அழுத்தம் குறைந்தது, அவ்வளவுதான்.

பூமிக்குள் நடப்பதும் இதுவே. ஹவாய்க்குக் கீழே மேன்டிலின் ஆழத்திலிருந்து, சுற்றியுள்ள பாறையைவிட ஏறத்தாழ 200 டிகிரியோ அதற்கு மேலோ கூடுதல் சூடான பாறை தூண்போல மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அதன் சூடு சுமார் 1,500 டிகிரி. சாதாரணமாக 1,200 டிகிரி அளவிலேயே உருகத் தொடங்க வேண்டிய பாறை அது. ஆனால் மேலே அமர்ந்திருக்கும் பாறைகளின் எடை அதை உருக விடுவதில்லை. ஏற ஏற எடை குறைகிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தை நெருங்கும்போது ஒரு கட்டத்தில், சூடு கூடாமலேயே, கல்லின் படிகங்களுக்கு இடையிலே ஈரம் கசிவதுபோல் குழம்பு கசியத் தொடங்குகிறது. மாக்மா பிறக்கும் இடம் அதுதான்.

பாறை மொத்தமும் உருகிவிடுமா?

இல்லை. நூறில் சில பங்கு, அதிகம் போனால் பத்து இருபது பங்கு. குச்சி ஐஸ் சாப்பிட்ட அனுபவம் உண்டா? வாயில் வைத்து உறிஞ்சினால் முதலில் நிறமும் இனிப்பும் வந்துவிடும். கையில் மிஞ்சுவது வெளுத்துப்போன வெறும் ஐஸ். எளிதில் உருகும் பகுதி முதலில் வெளியேறுகிறது. மேன்டில் பாறையும் அப்படியே. அதில் எளிதில் உருகக்கூடிய பொருட்கள் மட்டும் பிரிந்து வந்து, ஆறினால் பசால்ட் என்ற கருப்பு எரிமலைக் கல்லாக உறையும் குழம்பாகின்றன. ஆலிவின் என்ற பச்சைப் படிகம் பெரும்பாலும் அடியிலேயே தங்கிவிடுகிறது. எரிமலையிலிருந்து வருவது மேன்டில் அல்ல, மேன்டிலைப் பிழிந்த சாறு.

மாக்மா, லாவா: இரண்டும் ஒன்றா?

தரைக்குக் கீழே மாக்மா, வெளியே வந்தால் லாவா. வரும் வழியில் வாயுக்களை இழந்துவிடும். மற்றபடி அதே குழம்புதான்.

தட்டுகளின் விளிம்பில்தான் எரிமலை வரும் என்று படித்தோம். ஹவாய் பசிபிக் தட்டின் நட்டநடுவில் இருக்கிறதே?

1963இல் கனடாவைச் சேர்ந்த ஜே. டூஸோ வில்சன் இதற்கு விடை சொன்னார். சூடு கிளம்பும் இடம் கீழே கிட்டத்தட்ட ஓரிடத்தில் நிற்கிறது, மேலே உள்ள கடலடித் தட்டு அதைத் தாண்டி நகர்ந்துகொண்டே இருக்கிறது என்றார். அந்தச் சூடு மேன்டிலின் ஆழத்திலிருந்து தூண்போல எழுகிறது என்று 1971இல் ஜேசன் மார்கன் சேர்த்துச் சொன்னார். பசிபிக் தட்டு ஆண்டுக்கு 7 முதல் 10 சென்டிமீட்டர் வடமேற்காகப் போகிறது. அதனால் வடமேற்கே போகப்போகத் தீவுகளுக்கு வயது கூடுகிறது. மேலும் போனால் கடலுக்கடியில் மூழ்கிய மலைகள் ரஷ்யாவின் கம்சட்கா வரை சுமார் 6,000 கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையாக நிற்கின்றன. தென்கிழக்கு முனையில், இன்னும் தலைகாட்டாமல், கடலுக்குள் கமஎஹுவகனலோவா என்ற எரிமலை வளர்ந்துகொண்டிருக்கிறது. லோஇஹி என்பது அதன் பழைய பெயர்.

கசிந்த குழம்பு அவ்வளவு ஆழத்திலிருந்து எப்படி ஏறுகிறது?

எடை குறைவு. மேன்டில் பாறையின் அடர்த்தி தண்ணீரைப்போல 3.3 மடங்கு என்றால் பசால்ட் குழம்பின் அடர்த்தி 2.7 மடங்கு அளவில். தண்ணீரில் எண்ணெய் போல மேலே வரப் பார்க்கும். முதலில் படிகங்களுக்கு இடையே ஊறி, நூல்நூலாகச் சேர்ந்து, பிறகு பாறையைப் பிளந்துகொண்டு தகடுபோலப் பாய்கிறது. இப்படிச் செங்குத்தாகப் பிளந்து போகும் தகட்டை டைக் என்பார்கள். அடுக்குகளுக்கு இடையில் படுக்கைவாட்டில் பரவினால் சில். படங்களில் காட்டுவதுபோல வட்டமான குழாய் எதுவும் கீழே வரை போவதில்லை.

இந்த ஏற்றத்தை யாராவது நேரில் கண்டறிந்திருக்கிறார்களா?

காதால் கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லலாம். ஹவாய் எரிமலை ஆய்வகத்தைத் தாமஸ் ஜாகர் 1912இல் தொடங்கினார். பிற்பாடு அங்கே வேலை பார்த்த ஜெரி ஈட்டன், கிலாவேயாவின் கீழே 50, 60 கிலோமீட்டர் ஆழத்தில் நடுக்கங்கள் கிளம்புவதைக் கவனித்து, மாக்மா அங்கிருந்து வருகிறது என்று 1960இல் எழுதினார்.

நம் காலத்தில் அந்தக் காது இன்னும் கூர்மையாகிவிட்டது. தீவின் தெற்கே பஹாலா என்று சின்ன ஊர் ஒன்று இருக்கிறது. அதன் கீழே, 30 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், குறிப்பாக 2019க்குப் பிறகு, ஓயாமல் சின்னச்சின்ன நடுக்கங்கள். பெரும்பாலானவை மனிதர் உணர முடியாதவை. கால்டெக் பல்கலைக்கழகக் குழு ஒன்று கணினிக்குப் பயிற்சி கொடுத்து, இரைச்சலுக்குள் புதைந்து கிடந்தவற்றையும் தேடி எடுத்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட நடுக்கங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் என்று புள்ளி வைத்துக்கொண்டே போனபோது, 36 முதல் 43 கிலோமீட்டர் ஆழத்தில் அடுக்கடுக்காகத் தகடுகள் உருவம் கொண்டன. அத்தனையும் படுக்கைவாட்டுத் தகடுகள், கிலோமீட்டர் கணக்கில் விரிந்தவை. மேன்டிலிலிருந்து வரும் மாக்மா அந்தச் சில்களில் பரவி, அங்கிருந்து கிலாவேயாவை நோக்கி ஏறும் பாதையும் தெரிந்தது. 2023இல் முடிவு வெளியானது. அந்த வரைபடத்தை முதன்முதலில் பார்த்தபோது, வெறும் புள்ளிகள்தானே என்று கடந்துபோக முடியவில்லை. 40 கிலோமீட்டர் கல்லுக்கு அடியில் இருக்கும் ஒன்றின் வடிவத்தை அதன் முனகலை வைத்தே வரைந்துவிட்டார்கள்.

கிலாவேயாவுக்குக் கீழே மாக்மா ஏரி இருக்கிறதா?

சேமிப்பிடங்கள் உண்டு. உச்சியில் ஹலேமாஉமாஉ என்ற பள்ளம் இருக்கிறது. ஹவாய் மக்களுக்கு அது பெலே தெய்வத்தின் வீடு. அதற்கு அடியில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு சேமிப்பிடம், இன்னும் தெற்கே 3 முதல் 5 கிலோமீட்டர் ஆழத்தில் அதைவிடப் பெரிய ஒன்று. ஆனால் ஏரி என்ற சொல்லை விட்டுவிடுவது நல்லது. பல எரிமலைகளின் கீழ் இருப்பது படிகங்களும் குழம்பும் கலந்த சேறு. தண்ணீரில் ஊறிய மணல் மாதிரி: கையை வைத்தால் கெட்டி, உலுக்கினால் இளகும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் எரிமலைக்கு அடியில் உருகிய பங்கு 20 சதவீதத்தைத் தாண்டவில்லை என்று கணித்திருக்கிறார்கள். 'மாபெரும் எரிமலை நாளைக்கே வெடிக்கும்' என்று ஃபார்வர்டு ஆகும் செய்திகளைப் படிக்கும்போது இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேன்டிலிலிருந்து எவ்வளவு மாக்மா வந்து சேர்கிறது?

கிலாவேயாவுக்கு நீண்டகாலச் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 0.1 கன கிலோமீட்டர். இப்படிச் சொன்னால் மனதில் ஒட்டாது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று நான்கு விநாடிக்கு ஒருமுறை வந்து கொட்டிவிட்டுப் போவதாக வையுங்கள்; இரவு பகல், ஞாயிறு, பண்டிகை எதுவும் கிடையாது. அந்த அளவு.

வரத்து எப்போதும் ஒரே சீராகவும் இருப்பதில்லை. 2003க்குப் பிறகு சில ஆண்டுகள் அது இரட்டிப்பானது. முதலில் காட்டிக்கொடுத்தது கரியமில வாயு. அந்த வாயு மாக்மாவை விட்டு வெகு ஆழத்திலேயே பிரிந்துவிடும். அதனால் உச்சியில் அது கூடுகிறது என்றால் கீழிருந்து புதுச் சரக்கு வருகிறது என்று அர்த்தம். கந்தக வாயு அப்படியில்லை, தரைக்கு அருகில் வந்த பிறகே பிரியும். எந்த வாயு எவ்வளவு என்று பார்த்தே மாக்மா எங்கே நிற்கிறது என்று ஊகிக்கலாம்.

தீனி சதா வருகிறது என்றால் வெடிப்பு ஏன் விட்டுவிட்டு நடக்கிறது?

நிரம்பவும் வேண்டும், மேலே உள்ள கல் விரிசல் விடவும் வேண்டும். சேமிப்பிடம் நிரம்பும்போது மலையே உப்புகிறது. அதை அளக்கச் சாய்வுமானி வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோமீட்டர் நீளமான, வளையாத பலகையின் ஒரு முனைக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகினால் பலகை எவ்வளவு சாயுமோ, அந்தச் சாய்வைக்கூட அது பிடித்துவிடும்.

2024 டிசம்பருக்குப் பிறகான சாய்வுமானி வரைபடத்தைப் பாருங்கள், ரம்பத்தின் பற்கள் மாதிரி இருக்கும். நாட்கணக்கில் கோடு மெதுவாக ஏறும். ஊற்று பீறிட்ட சில மணி நேரத்தில் மடமடவென்று சரியும். சில முறை லாவா 300 மீட்டருக்கு மேல் எழும்பியிருக்கிறது. ஊற்று நின்றதும் கோடு உடனே திரும்பி ஏறத் தொடங்கும். முன்பு எந்த மட்டத்தில் பொங்கியதோ ஏறக்குறைய அந்த மட்டத்தை எட்டும்போது அடுத்த ஊற்று. அதை வைத்துத்தான் ஆய்வகத்தார் அடுத்தது எந்த நாளில் இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். பீறிடும் வேகத்துக்குக் காரணம் வாயு. கோலி சோடாவில் குண்டை அமுக்கியதும் நுரை பொங்குவதுபோல், மேலே வந்து அழுத்தம் விட்டதும் குமிழிகள் குழம்பைத் தூக்கி அடிக்கின்றன.

2018இல் வீடுகள் அழிந்தனவே, அப்போது மேன்டிலிலிருந்து அதிகமாக வந்துவிட்டதா?

அந்த அழிவு, ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தது வழி மாறியதால் வந்தது. 1983 முதல் 35 ஆண்டுகள் புஉ ஓஓ என்ற வாய் வழியாக லாவா வந்துகொண்டிருந்தது. 2018 ஏப்ரல் 30 அன்று அந்த வாயின் தரை இடிந்து விழுந்தது. உள்ளே இருந்த மாக்மா நிலத்தடியில் கிழக்கே நகர்ந்தது; நடுக்கங்களும் அதோடு ஊர் ஊராக நகர்ந்தன. மே 3ஆம் தேதி, உச்சியிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி, லெய்லானி எஸ்டேட்ஸ் என்ற குடியிருப்பின் தெருக்களில் பிளவு விழுந்து நெருப்பு வந்தது. மறுநாள் 6.9 அளவில் நிலநடுக்கம். மொத்தம் 24 பிளவுகள், 700க்கும் மேற்பட்ட வீடுகள். தோட்டம் போட்டு, மரம் வைத்து வாழ்ந்தவர்களின் இடம் இன்று கருங்கல் மேடு.

உச்சியில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடியில் இருந்த மாக்மா கிழக்கே வடிந்துவிட்டதால் தாங்குவதற்கு ஆளில்லாமல் பள்ளத்தின் தரை துண்டு துண்டாக உள்ளே அமிழ்ந்தது. 60 முறைக்கு மேல் சரிந்து, சுமார் 500 மீட்டர் ஆழமான குழியானது. அடுத்த கோடையில் அந்தக் குழியின் அடியில் நிலத்தடி நீர் ஊறி ஒரு குட்டை உண்டானது. எரிமலை வாய்க்குள் குட்டை! ஆனால் கீழே வரத்து நிற்கவில்லை. 2020 டிசம்பர் 20 இரவு லாவா திரும்பி வந்தது, குட்டை கொதித்து ஆவியாகிப் போனது.

பக்கத்தில் உள்ள மௌனா லோவா எரிமலைக்கும் இதே தொட்டியா?

இரண்டின் உச்சிகளுக்கும் இடையே 35 கிலோமீட்டர்கூட இல்லை. சூடான தூண் பொது. ஆனால் லாவாவின் வேதியியல் கைரேகை வேறு வேறு. எனவே மேலே உள்ள சேமிப்பிடங்கள் தனித்தனி. மௌனா லோவா 1984க்குப் பிறகு 38 ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு 2022 நவம்பர் 27 அன்று வெடித்தது.

தொட்டியில் தங்காமல் மேன்டிலிலிருந்து நேராக வருவதும் உண்டா?

உண்டு. ஐஸ்லாந்தின் ரெய்க்யனேஸ் தீபகற்பம் ஏறத்தாழ 800 ஆண்டுகள் மௌனமாக இருந்தது. 2021 மார்ச் 19 அன்று ஃபக்ரதல்ஸ்ஃபியாட்ல் என்ற இடத்தில் நிலம் பிளந்து லாவா வந்தது. அதைச் சோதித்தபோது சுமார் 15 கிலோமீட்டர் ஆழத்தில், மேலோடும் மேன்டிலும் சந்திக்கும் இடத்திலிருந்தே வந்தது தெரிந்தது. சில வாரங்களுக்குள் அதன் வேதியியல் கண்கூடாக மாறியது. வெவ்வேறு ஆழங்களில் உருகிய குழம்பு ஒன்றன்பின் ஒன்றாக வந்து கலந்தது அதற்குக் காரணம்.

இந்தோனேசியா, ஜப்பான் எரிமலைகளுக்கும் இதே கதைதானா?

அங்கே தண்ணீர்தான் ஆரம்பித்து வைக்கிறது. கடலடித் தட்டு மற்றொரு தட்டின் கீழ் அமிழும்போது தன்னோடு நீரையும் கொண்டு போகிறது. அந்த நீர் மேன்டில் பாறையில் கலந்தால் அது உருகும் சூடு குறைந்துவிடும். அங்கே பிறக்கும் மாக்மாவில் நீராவி மிகுதி; மேலே வரும் வழியில் பலவற்றுக்குப் பிசுபிசுப்பும் கூடுகிறது. அதனால்தான் கிலாவேயா வழிய, இந்தோனேசியாவின் மெராப்பி வெடிக்கிறது. அந்தமானின் பாரன் தீவு எரிமலையும் இந்த வகைதான்.

40 கிலோமீட்டர் ஆழத்தை யாரும் தோண்டவில்லையே, நிஜமான சாட்சி ஏதாவது உண்டா?

மனிதர் தோண்டியதில் மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலாவில் இருக்கிறது, 12.26 கிலோமீட்டர். மேன்டிலை எட்டவில்லை. ஆனால் ஆழத்துக் கல் தானாகவே நம்மிடம் வந்திருக்கிறது. ஹவாயின் ஹுவாலாலாய் எரிமலை 1801 வாக்கில் கக்கிய கருப்பு லாவாவுக்குள் முஷ்டி அளவு பச்சைக் கற்கள் பதிந்து கிடக்கின்றன. உடைத்துப் பார்த்தால் கற்கண்டுபோல மினுங்கும் ஆலிவின் மணிகள். கனமான கற்கள் அவை. குழம்பு மெதுவாக ஏறியிருந்தால் வழியிலேயே அடியில் தங்கியிருக்கும். மேலே வந்து சேர்ந்திருப்பதே அந்த மாக்மா எவ்வளவு விரைந்து ஏறியது என்பதற்குச் சாட்சி.

இந்தியாவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறைய. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா தெற்கே, இன்றைய ரீயூனியன் தீவின் கீழிருக்கும் சூடான தூணின் மேல் இருந்தது. அப்போது கொட்டிய லாவாதான் மகாராஷ்டிராவையும் சுற்றுவட்டாரத்தையும் மூடியிருக்கும் தக்காணப் பசால்ட். அஜந்தா, எல்லோரா குடையப்பட்டது அந்தக் கல்லில். நிலம் வடக்கே நகர்ந்தது, தூண் பின்தங்கியது. லட்சத்தீவு, மாலத்தீவு, மொரிஷியஸ் வழியாக அதன் தடம் இருக்கிறது. இப்போது அதே தூண் ரீயூனியனில் பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலைக்குத் தீனி போடுகிறது. பல ஆண்டுகளாக அது அடிக்கடி பொங்கி வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குக் கூட்டிப்போகப்பட்ட தமிழர்களின் வம்சம் அந்த மலையடிவாரத்தில் இன்றும் தீ மிதிக்கிறது.

தமிழ்நாட்டில் இதையெல்லாம் கண்ணால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

எரிமலை இல்லை, வரும் என்ற பயமும் வேண்டாம். ஆனால் மாக்மா ஏறிய வழிகள் இருக்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் 'கருப்பு கிரானைட்' வெட்டும் குவாரிகள் பல டைக்குகளின் மேல்தான் நிற்கின்றன. 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு மேன்டிலிலிருந்து ஏறிய குழம்பு, வெளிறிய பாறையைப் பிளந்து நுழைந்து, உள்ளேயே உறைந்துவிட்டது. மேலே இருந்த மலையெல்லாம் தேய்ந்து போய் இப்போது அந்தத் தகடு வெளியே தெரிகிறது. பெயர்தான் கிரானைட், உள்ளபடி அது டாலரைட், பசால்ட்டின் உறவு. குவாரி ஓரம் நின்று பார்த்தால், அக்கம்பக்கப் பாறையைத் தொடும் விளிம்பில் கல் மைபோல நைசாகவும், நடுவே போகப்போகப் படிகங்கள் பெரிதாகவும் இருக்கும். விளிம்பு சட்டென்று ஆறியது, நடுப்பகுதி நிதானமாக ஆறியது. உங்கள் வீட்டுச் சமையல் மேடை நல்ல கருப்பாக இருந்தால் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். சின்னச்சின்னக் குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதுபோல் படிகங்கள் மினுங்கினால், அநேகமாக அது பழைய மாக்மா ஏறிய வழியில் வெட்டிய துண்டுதான்.